குவிமாடம் இருந்ததா இல்லையா

கோவிலுக்குக் குவிமாடம் வரப்போகிறது என்ற செய்தி கார்மிரசென் ஊருக்கு மினிபஸ்ஸில் வந்தது. மினிபஸ் ஓட்டுநர் பக்கத்து டவுனான தாலின் சந்தையில் யாரோ யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தார். அதைக் கடை வாசலில் நின்றிருந்த ராஸ்மிக்கிடம் சொன்னார். ராஸ்மிக் வாங்க வந்த சர்க்கரையை மறந்துவிட்டு நேராக ஹமாஸ்ப் வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தார்.

"எரிவான்ல முடிவாயிடுச்சாம். நம்ம கோவிலைத் தூக்கிக் கட்டப் போறாங்களாம். வெளிநாட்டுல, மார்செயில்ல ஒரு பல் டாக்டராம், நம்ம ஆளுதான். மொத்தச் செலவும் அவரோடதாம்."

"யாரு சொன்னா?" என்றார் ஹமாஸ்ப்.

"மினிபஸ்காரன்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"தாலின்ல ஒருத்தன்."

"பேரு?"

"பேரெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா பஸ் போயிடாதா? இன்னொண்ணு கேளு. கோவில் கல்லை வீட்டுல வச்சிருக்கறவன் எல்லாம் தானா கொண்டுவந்து குடுத்துடணுமாம். இல்லேன்னா வீட்டை இடிச்சு எடுப்பாங்களாம்."

அடுப்புப் பக்கம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சிரானுஷ் தலை நிமிராமல், "அந்தப் பல் டாக்டர் முதல்ல உன் வாயைப் பாத்தா தேவலை" என்றாள். ஹமாஸ்பின் மனைவி அவள். ராஸ்மிக்கிடம் அவளுக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவாள்.

செய்தியில் உண்மை கொஞ்சம் இருந்தது. தலைநகர் எரிவானிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் கோவிலைப் பார்க்க வரப்போகிறார், அவ்வளவுதான். பல் டாக்டர் எங்கிருந்து வந்து சேர்ந்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஹமாஸ்ப் என்ன வேலை செய்கிறார் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "கோவில் சாவி அவர்கிட்ட இருக்கு" என்று ஊரில் எல்லோரும் சிரிக்காமல் பதில் சொல்வார்கள். அதற்கு முன் கூட்டுப் பண்ணையில் வாய்க்கால் மடை திறந்து மூடும் வேலை பார்த்தார். பண்ணை போயிற்று, மடை போயிற்று, திறந்து மூடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தக் கிறிஸ்தவக் கோவில் ஆயிரத்து நானூறு வருஷத்துச் சிவப்பு எரிமலைக் கல். என்றோ ஒரு பூகம்பத்தில் மேல்பாதி முழுவதும் விழுந்துவிட்டது. கிழக்கே பலிபீடத்தின் அரைவட்டம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. நடுவில் நான்கு தூண்களின் அடிப்பாகம் இருக்கிறது. மேற்கே வாசல் நிலை முழுசாக நிற்கிறது. அதில் ஹமாஸ்ப் ஒரு இரும்புக் கதவு மாட்டிப் பூட்டு போட்டிருந்தார். தெற்குச் சுவர் இடுப்பளவு. வடக்குச் சுவரில் மாடு போய்வரும் அளவுக்கு ஓட்டை, மாடுகள் போய்வரவும் செய்தன. ஆனால் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர் யாரும் அந்த வழியாக நுழைந்ததில்லை. கோவிலுக்குள் சுவர் ஏறிக் குதித்துப் போக அவர்கள் என்ன மாடா? ஹமாஸ்ப் வீட்டுக்கு வந்து சாவி கேட்பார்கள். அவர் கூடவே வந்து பூட்டைத் திறப்பார். உள்ளே போய் வானத்தின் கீழே நின்று வேண்டிக்கொள்வார்கள். பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாதென்று பின்புறமாகவே நடந்து வெளியே வருவார்கள். போன வருஷம் அப்படி வரும்போது ராஸ்மிக் ஒரு தூண் அடியில் தடுக்கி விழுந்து, விழுந்த நிலையிலும் முகத்தைப் பீடத்தின் பக்கமே வைத்திருந்தார். ஊரில் அவருடைய பக்தியைப் பற்றி யாருக்கும் இப்போது சந்தேகம் இல்லை.

வடக்குச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் முகக்கல் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் ஊருக்குள் தொழுவத்திலும் படியிலும் இருக்கிறது. இருந்தும் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சுவர் நிற்கிறது. அந்தக் காலத்துக் கொத்தர்கள் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை என்று மெல்லிய கல் வைத்து, நடுவில் சுண்ணாம்பும் உடைகல்லும் கொட்டி இறுக்கினார்கள். பாரம் தாங்குவது நடுவில் இருப்பது. செதுக்கி இழைத்த முகம் இரண்டும் பார்க்கத்தான்.

செய்தி வந்த இரண்டாம் நாளே கற்கள் வரத் தொடங்கின.

மூன்று தலைமுறையாக, "எங்க வீட்டுக் கல்லு மலையில வெட்டினது" என்று சிலுவை மேல் சத்தியம் செய்தவர்கள் முதலில் வந்தார்கள். ஒருவர் தொழுவத்து நிலையைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் மாட்டுத் தொட்டியையே கொண்டுவந்தார். அதன் அடியில் மாதுளம்பழம் செதுக்கியிருந்தது. அதுவரை எல்லாம் சரி. பிறகுதான் விவகாரம் திரும்பியது. கோவில் கல் இருக்கிற வீடு என்றால் பழைய வீடு. கல் கொடுக்காத வீடு நேற்று வந்த வீடு. நூறு வருஷத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் மூஷில் நடந்த படுகொலையிலிருந்து உயிர் பிழைத்து வந்த குடும்பங்களுக்கு இது பொறுக்குமா? அவர்களும் கொண்டுவந்தார்கள். பூண்டு இடிக்கிற கல் வந்தது. பண்ணை அலுவலகத்தின் மூலைக்கல், மேலே பழைய ஆட்சியின் ஐந்துமுனை நட்சத்திரத்தோடு வந்தது. பக்கத்து ஊரின் சிலுவைக் கல் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் டிராக்டரில் வந்து சண்டை போட்டார்கள். பிறகு உட்கார்ந்து வோட்கா குடித்தார்கள். போகும்போது தங்கள் கல்லோடு மாட்டுத் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஹமாஸ்ப் பூட்டைத் திறந்து ஒவ்வொரு கல்லையும் வாசல் வழியாகவே உள்ளே விட்டார். வடக்கு ஓட்டை வழியாக விட்டால் பாதி வேலை மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்கள். அவர் வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார்.

கட்டடக் கலைஞர் ஒரு சின்னக் காரில் வந்தார். பெயர் ஹெகினே. முப்பது வயதிருக்கும் பெண், ரப்பர் பூட்ஸ். குவியலைச் சுற்றி நடந்தார். நட்சத்திரக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஐயா, இதுல ஒன்றரைக் கோவில் இருக்கே."

"கூட இருந்தா நல்லதுதானே?" என்றார் ஹமாஸ்ப்.

"அரைக் கோவிலை என்ன பண்றது?"

ஹமாஸ்ப் அரைக் கோவிலை விட்டுவிட்டார். அவரிடம் வேறு கேள்வி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் தொண்டையில் நின்ற கேள்வி.

"குவிமாடம் இருந்துச்சா?"

"தெரியாது" என்றார் ஹெகினே. "இருந்துச்சுன்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி. எங்க ஆபீஸ்லயே இதனால ரெண்டு பேரு பேசிக்கறதில்ல."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஏனோ தரையைப் பார்த்தார்கள். ஹெகினேவுக்கு ஏன் என்று புரியவில்லை.

காரணம், கார்மிரசென்னிலும் இதனால் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் ஹமாஸ்ப். மற்றவர் அவருடைய தம்பி ஆவெதிக். அவர்களுடைய தாத்தா கட்டிய நீள வீட்டை நடுவில் ஒரு சுவர் பிரிக்கிறது. இந்தப் பாதி அண்ணனுக்கு, அந்தப் பாதி தம்பிக்கு. நடுச்சுவரில் ஒரு கதவு. குழந்தைகள், பூனை, உப்புக் கிண்ணம் எல்லாம் அதன் வழியாகப் போய்வந்தன.

ஒரு ஜனவரிக் காலையில், ராத்திரி முழுக்கக் கொதித்த மாட்டுக்கால் சாறு முன்னால் ஆவி பறக்க, பூண்டும் காய்ந்த லவாஷ் ரொட்டியும் வோட்காவுமாக உட்கார்ந்திருந்தபோது, கோவில் என்றாவது மறுபடி எழுந்தால் குவிமாடத்தை வீட்டு முற்றத்திலிருந்தே பார்க்கலாம் என்று ஹமாஸ்ப் சொன்னார்.

"எந்தக் குவிமாடம்?" என்றான் ஆவெதிக்.

"நாலு தூணு எதுக்குடா நிக்குது? குவிமாடத்தைத் தாங்கத்தானே?"

"நீளக் கூரையையும் நாலு தூணு தாங்கும். இந்த மேசைக்குக்கூடத்தான் நாலு காலு. மேல குவிமாடமா இருக்கு?"

கூட உட்கார்ந்திருந்த ராஸ்மிக் சிரித்தார். அது தப்பாகப் போயிற்று.

"குவிமாடம் இல்லாட்டி அது கோவிலாடா? வைக்கோல் கிடங்கு!"

"கிடங்காத்தான் இருந்துச்சு. அப்பா அதுலதான் பண்ணை வைக்கோலை அடுக்கினாரு. அப்பா உன்னை மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கலை. அதான் நமக்குச் சோறு கிடைச்சுது."

இதில் எது யாரைப் புண்படுத்தியது என்று இன்றுவரை சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானமே ஆவெதிக் தன் பக்கத்திலிருந்து கதவை அடைத்துக் கல் வைத்தான். அதே நேரத்தில் ஹமாஸ்ப் தன் பக்கத்திலிருந்து கல் வைத்தார். ஒருவர் கொத்துக் கரண்டிச் சத்தம் மற்றவருக்குக் கேட்டது. இரண்டு பேரும் வேகத்தைக் கூட்டினார்கள். ஆக அந்த வாசலுக்கு இப்போது பழைய முறைப்படி இரண்டு முகம் உண்டு. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை.

நான்கைந்து வருஷம் முன்பு ஆவெதிக் வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவி மாரோவோடு ரஷ்யாவுக்குப் போனான். ரொஸ்தோவில் அடுக்குமாடி கட்டுகிறானாம். எல்லாம் தட்டைக் கூரை என்று ராஸ்மிக் விசாரித்து வந்து சொன்னார்.

"திங்கட்கிழமை இதை முடிவு பண்ற கமிஷன் உக்காருது" என்றார் ஹெகினே. "குவிமாடத்துக் கல்லுன்னு ஒண்ணாவது காட்டினா, மேற்கொண்டு தோண்டிப் பாக்கலாம், எழுப்பறதைப் பத்தி யோசிக்கலாம். இல்லேன்னா மழை படாம ஒரு தகரக் கூரை போட்டு விட்டுடுவாங்க."

"தகரமா?" என்றார்கள் பல பேர்.

"பச்சைக் கலர் அடிப்பாங்க."

ஊர் இதை ஜீரணிப்பதற்குள் ராஸ்மிக் தன் வாயைத் திறந்தார். "ஹமாஸ்ப், ஊர்ல எல்லாரும் குடுத்துட்டோம். உன் வீட்டு நடுச்சுவத்துல இருக்கற கல்லை நீ குடுக்கலையே."

எல்லோருக்கும் தெரிந்த கல் அது. அடைத்த கதவுக்கு மேலே தாத்தா வைத்த கல். ஒரு கோவில் ஜன்னலின் மேல் வளைவு, ஒரே கல்லில் வெட்டியது. ஜன்னலுக்குப் புருவம் வைத்த மாதிரி. கதவு திறந்திருந்த காலத்தில் அண்ணாந்து பார்த்தால் வளைவின் அடியில் ஒரு திராட்சைக் கொடி தெரியும்.

ஹெகினே வீட்டுக்கு வந்து நாற்காலி மேல் ஏறினார். ஹமாஸ்பின் பக்கம் தெரிவது கல்லின் முதுகு. கரடுமுரடாக, கொத்தனின் அடையாளம் ஒன்றோடு இருந்தது. ஹெகினே அதைத் தடவிப் பார்த்தார். குரல் கொஞ்சம் மாறியது.

"இது ஏழாம் நூற்றாண்டு. முகம் அந்தப் பக்கம் இருக்கா?"

"அந்தப் பக்கம்தான்."

"புருவத்தோட வால் ரெண்டு பக்கமும் நீளும் ஐயா. சாதாரணச் சுவத்து ஜன்னலா இருந்தா வால் நேராப் போகும். குவிமாடத்துக்கு அடியில நிக்கற கழுத்துச் சுவத்துல இருந்த ஜன்னல்னா, கழுத்துக்கு எட்டு மூலை இருக்கும், வால் மூலையில மடங்கும். மடங்கியிருந்தா குவிமாடம் இருந்துச்சு. அவ்வளவுதான். முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்தாப் போதும். கல்லைப் பேர்க்கக்கூட வேண்டாம்."

ஹமாஸ்ப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் ஹெகினே.

முழுச் சுவர் இல்லாத கோவிலுக்குச் சாவி வைத்திருக்கிற மனிதரிடம் பக்கத்து வீட்டுச் சாவி இல்லை.

"பூட்டை உடைச்சுடலாமா?" என்றார் ராஸ்மிக்.

"என் தம்பி வீட்டுப் பூட்டு மேல எவன் கை வைப்பான்?" என்று ஹமாஸ்ப் கத்திய கத்தலில் ஹெகினே நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

"சரி, அப்ப போன் பண்ணிக் கேளுங்க. சாவி எங்க இருக்குன்னு சொன்னாப் போதும். நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாலின்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஊர் போகவில்லை. முற்றத்தில் ஆளுக்கொரு வேலை கண்டுபிடித்துக்கொண்டு நின்றது.

"நான் போன் பண்ண மாட்டேன்" என்றார் ஹமாஸ்ப். "பச்சைத் தகரமே வரட்டும்."

சிரானுஷ் கிழங்குத் தோலை வாளியில் கொட்டினாள். "அந்தக் கல்லை நான் பாத்திருக்கேன்" என்றாள்.

"எந்தக் கல்லை?"

"அதோட முகத்தை. மாரோ அந்தச் சுவத்துலதானே சிவப்புக் கம்பளத்தை மாட்டியிருந்தா. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கம்பளத்தை எடுத்துத் தட்டுவோம். நீங்க ரெண்டு பேரும் கதவை அடைச்சப்ப ஆடினதுல பழைய பூச்சு உதிர்ந்து ஓரம் நல்லாவே தெரியும்."

"நீ அவங்க வீட்டுக்குப் போனியா? கதவை அடைச்சதுக்கு அப்புறமுமா?"

"கதவைத்தானே அடைச்சீங்க. தெரு இருந்துச்சே."

ஹமாஸ்ப் உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையே!"

"கல்லோட வால் மடங்கியிருந்தா என்ன, நீட்டியிருந்தா என்னன்னு அந்தப் பொண்ணு இன்னிக்குச் சொல்லித்தானே எனக்கே தெரியும். அதோட நீ கேக்கவும் இல்லையே."

"இப்பக் கேக்கறேன். மடங்கியிருக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏடி!"

"ஏ மனுஷா, நான் சொன்னா நீ தம்பிக்கு போன் பண்ணுவியா? மடங்கியிருக்குன்னா ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுத் தூங்கிடுவே. மடங்கலைன்னா சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவே. கமிஷனுக்கு என் வாய்ச் சொல்லு போதாது, போட்டோதான் வேணும். உன் தம்பிகிட்டயே கேளு."

"அவனுக்குத் தெரியுமா?"

"ஏணி போட்டுக் கம்பளத்தை இறக்கித் தர்றதே அவருதானே."

"பாத்துட்டு என்ன சொன்னான்?"

"'ம்'னாரு. தட்டி முடிச்சதும் மறுபடி மாட்டினாரு."

ஹமாஸ்ப் இந்த 'ம்'மை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வால் நேராக இருந்திருந்தால் ஆவெதிக் ஊரையே கூட்டிக் காட்டியிருப்பான். காட்டவில்லை. ஆக, மடங்கித்தான் இருக்கிறது. அவருக்கு நெஞ்சு விம்மியது. கொஞ்ச நேரம்தான். மடங்கியிருந்தால் தம்பி அதை உளியால் தட்டியிருப்பானே? தட்டவில்லை. ஆக, நேராகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டுகிற ஆளா அவன்? சின்ன வயதில் சிட்டுக்குருவிக் கூட்டைக்கூடக் கலைக்க மாட்டான். தன் பக்கம் ஜெயித்திருந்தாலும் காட்ட வந்திருக்க முடியாது. காட்ட வேண்டும் என்றால் முதலில் பேச வேண்டுமே. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஹமாஸ்ப் யோசித்துப் பார்த்தார். கம்பளத்தை மறுபடி மாட்டியிருப்பார். அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"நம்பர் எங்கிட்ட இருக்கு" என்றார் ராஸ்மிக், வாசலில் தலையை நீட்டி. "புது வருஷத்துக்கு நான் பேசுவேன்."

"நீயுமா?"

"அவன் உன்னைப் பத்திக் கேப்பான்."

"என்ன கேப்பான்?"

"'இன்னும் பூட்டிக்கிட்டுத்தான் இருக்காரா'ன்னு கேப்பான்."

"நீ என்ன சொல்லுவே?"

"ஆமாம்பேன். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிப்போம். அப்புறம் அவன் சும்மா இருப்பான். ரொம்ப நேரம் சும்மா இருப்பான், காசு ஓடும்."

ஹமாஸ்ப் கையை நீட்டினார். ராஸ்மிக் எண்ணை அழுத்திக் கொடுத்தார். முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாலியைக் கீழே வைத்தான். கல் சுமந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து கிட்டே வந்தார்.

"முதல்ல என்ன சொல்றது?" என்று ஹமாஸ்ப் ரகசியமாக மனைவியைக் கேட்டார்.

"பேரைச் சொல்லு."

"அவன் பேரையா, என் பேரையா?"

"எது வருதோ அது."

மணி அடிக்கத் தொடங்கியது. ராஸ்மிக் நல்லெண்ணத்தில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். அதனால் முற்றம் முழுவதுக்கும் கேட்டது. எடுத்தால் சாவியைப் பற்றித்தான் கேட்க வேண்டும், கல்லைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று ஹமாஸ்ப் முடிவு செய்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு சாவியைக் கேட்கலாம் என்று மாற்றினார். பிறகு, கல்லைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அவனாகச் சொன்னால் மட்டும்.

"வேலையில இருப்பான்" என்றார் ராஸ்மிக். "மேல் மாடியில சத்தம் கேக்காது."

"சும்மா இரு" என்றாள் சிரானுஷ்.

ஹமாஸ்ப் போனைக் காதிலிருந்து சற்று விலக்கி, நடுச்சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று தெரிந்தும் அங்கேதான் பார்த்தார். ரொஸ்தோவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.